வெறும் இலைப் பந்தி

1

ஊரிலிருந்து போனில் பேசுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "அங்க பொழுது எப்படீங்க போவுது?"

நல்லபடியாகத்தான் போகிறது. சிட்னியில் வயதானவர்களுக்குப் பொழுது போக இரண்டு வழி உண்டு. ஒன்று, ஆஸ்பத்திரியில் பெயர் கூப்பிடும்வரை உட்கார்ந்திருப்பது. இன்னொன்று, படிக்கிற பிள்ளைகள் யாராவது நம்மைப் பிடித்து ஆராய்ச்சி செய்ய விட்டுக் கொடுப்பது. நம் ஊரில் படிக்கிற பிள்ளைகள் கிழவிகளைப் பார்த்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும். இங்கே காகிதத்தோடு துரத்துகிறார்கள்.

போன சனிக்கிழமை கோயிலில் அப்படி ஒரு பெண் வந்தாள். தமிழ்ப் பிள்ளைதான், தமிழ் மட்டும் கொஞ்சம் நொண்டியது. வயதானவர்கள் நடப்பதைப் பற்றி ஆராய்ச்சியாம். கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்தாள்.

"பாட்டி, இதுக்கு முன்னாடி ஆராய்ச்சியில் சேர்ந்திருக்கீங்களா?"

"சேர்ந்திருக்கறேன் கண்ணு."

"அது எப்படி இருந்தது?"

"நல்லாத்தான் இருந்துச்சு. நாந்தான் அதைக் கெடுத்துப்போட்டேன்னு பேசிக்கறாங்க."

அதற்கு எந்தக் கட்டத்தில் குறி போடுவது என்று அந்தப் பிள்ளை காகிதம் முழுவதும் தேடிப் பார்த்தாள். கட்டம் இல்லை. யோசித்துச் சொல்லுங்கள் என்று காகிதத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அது இப்போது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் என்னைப் பார்க்கிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். மெதுவாகத்தான் எழுத வரும். அவசரக்காரர்கள் வேறு ஏதாவது படிக்கலாம்.

2

என் மகன் செந்தில் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் இருந்தவன். இங்கே ஒரு லாரிக் கம்பெனி அவனை எடுத்துக்கொண்டது. அவன் அப்பா போன மறு வருஷம், தொண்ணூற்றெட்டில், மலையடிவாரத்துக் காரவள்ளித் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நானும் வந்து சேர்ந்தேன்.

மருமகள் பூங்கொடிக்குச் சொந்த ஊர் காளப்பநாயக்கன்பட்டி. கல்யாணத்துக்கு முன்னால் ட்ரில் டீச்சர். நாமக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தையே விசில் ஊதி ஓடவைத்தவள். இங்கே சர்ட்டிபிகேட்டை எடை போட என்று ஓர் ஆபீஸ் இருக்கிறது. அவளுடையதைப் போட்டுப் பார்த்துவிட்டு எடையே இல்லை என்று எழுதிவிட்டார்கள். பிஸ்கட் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போனாள். கழுத்தில் போட்டிருந்த விசில் சமையலறை ஆணியில் தொங்கியது. ஊரையே விசிலுக்கு ஓடவிட்டவள், குக்கர் விசிலுக்கு ஓடினாள்.

ஒலிம்பிக் இந்த ஊரில் நடந்தபோது டிவியில் ஓட்டப் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று எழுந்து நின்றாள்.

"அத்தை, நான் படிக்கப் போறனுங்க."

"என்ன படிப்பு கண்ணு?"

"உடற்பயிற்சிங்க."

"அதுக்குப் படிக்கோணுமா? தோட்டத்துக்குப் போனாப் போதாதா?"

"இங்க தோட்டம் இல்லீங்களே. அதனால படிப்பு வெச்சிருக்கறாங்க."

காலையில் ஃபேக்டரி, சாயங்காலம் காலேஜ் என்று ஓடினாள். கீழே விழுந்து எழுந்த வயதானவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை ஒன்று ஆஸ்பத்திரியில் இருந்தது. பட்டம் வாங்கி வந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டில் எல்லோரும் அந்தப் பட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைசி வருஷம் ரிசர்ச் மெத்தட்ஸ் வந்தது. எப்படி ஆராய்ச்சி செய்வது என்பதற்கே ஒரு பாடம். அம்மிக்கல் கனத்தில் ஒரு புத்தகம். வெங்காயம் அரிந்துகொண்டே ஒப்பிப்பாள், வெங்காயத்துக்கும் அதற்குமாகக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

"சாம்பிள்ன்னா என்னங்க தெரியுமா அத்தை?"

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்."

"ஒரு சோறு போதாதாமாங்க. முப்பதாச்சும் வேணுமாமா. அதையும் மேலாப்புல எடுக்கக் கூடாது, கண்ணை மூடிட்டு எடுக்கோணுமாமா."

"அதுக்குள்ள சோறு குழைஞ்சு கஞ்சியாயிருமே சாமி."

"அதையேதானுங்க நாங்களும் வாத்தியார்கிட்டக் கேட்டோம்."

3

அவள் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி இதுதான். வயதான தமிழ்ப் பெண்கள் முப்பது பேர். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, குதிகாலைத் தூக்குவது, ரப்பர் பட்டையைக் காலில் மாட்டி இழுப்பது என்று பன்னிரண்டு வாரம் பயிற்சி. அதனால் காலுக்கு வலு வருகிறதா என்று பார்க்க வேண்டும். கோயில் பின்கூடத்தில் சனிக்கிழமைதோறும் வகுப்பு.

நோட்டீஸ் ஒட்டினாள். அதைப் பார்த்து ஒருத்தர்கூட வரவில்லை. என்னோடு சேர்த்து முப்பது, மற்றவர்கள் எல்லோரையும் அழைத்தது நான். சும்மா சொல்லவில்லை, ஒவ்வொருத்தி வீட்டுக்கும் போன் போட்டு, "நம்மூட்டுப் பொண்ணு படிக்குது, வந்து உக்காந்து எந்திரிச்சுக் குடுங்க" என்று கல்யாணத்துக்கு அழைப்பதுபோல அழைத்தேன்.

முதல் அழைப்பு ருக்மணிக்கு. ராசிபுரத்துக்காரி, என்னைவிட நாலைந்து வயது சின்னவள். இந்த ஊரில் எனக்கு வாய்த்த ஒரே சிநேகிதம். முழங்கால் அவளை விட்டுவிட்டது.

"கக்கூசுல உக்காந்தா எந்திரிக்க முடியறதில்லைக்கா," என்று போனில் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "மருமகளைக் கூப்பிட்டுக் கையைப் பிடிச்சுத்தான் எந்திரிக்கறேன். அவ ஒரு வார்த்தை சொல்றதில்லை. ரெண்டு திட்டுத் திட்டினாக்கூடத் தேவலாம்."

"நீ வா. என்ற மருமக எந்திரிக்க வெப்பா," என்றேன். வாக்குக் கொடுத்துவிட்டேன்.

முதல் நாள் எல்லோருக்கும் பரீட்சை. கையை நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, அரை நிமிஷத்தில் எத்தனை தடவை நாற்காலியிலிருந்து எழுகிறோம் என்று எண்ணுவாள். ருக்மணி கையைக் கட்டினாள், முன்னால் சாய்ந்தாள், முகம் சிவந்தது, நேரம் முடிந்துவிட்டது. எழவில்லை. "பரவாயில்லீங்க," என்று பூங்கொடி ஒரு சுழியைப் போட்டாள்.

அதற்குப் பிறகுதான் ஒட்டிய கவர்களை எடுத்தாள். ஆளுக்கு ஒரு கவர். பிரித்தால் ஒன்று அல்லது இரண்டு. எனக்கு ஒன்று. ருக்மணிக்கு இரண்டு.

"ஒண்ணு வந்தவங்க வகுப்புக்கு வாங்க. ரெண்டு வந்தவங்க பன்னண்டு வாரம் எப்பவும் போல இருங்க. ஒண்ணும் புதுசாச் செய்ய வேண்டாம். கடைசியில மறுபடியும் எண்ணிப் பாக்கறேன்."

ருக்மணிதான் வாயைத் திறந்தாள்.

"எப்பவும் போல இருக்கறதுக்கு ரெண்டு பஸ் மாறி வரோணுமா சாமி?"

வீட்டுக்கு வந்து பூங்கொடி எனக்கு விளக்கினாள். ஒரு பக்கத்துக்குக் கொடுத்து, இன்னொரு பக்கத்துக்குக் கொடுக்காமல் வைத்துப் பார்த்தால்தான் வலு பயிற்சியால் வந்ததா, தானாக வந்ததா என்று தெரியுமாம். யாருக்குக் கிடைக்க வேண்டும் என்பதை மனுஷர் தீர்மானிக்கக் கூடாதாம்.

"பூக் கேக்கற மாதிரியா?" என்றேன். கோயிலில் சிவப்பும் வெள்ளையும் பொட்டலம் கட்டிப் போட்டு எடுப்போமே, அது.

"அதே மாதிரிதானுங்க."

அதே மாதிரி இல்லை. பூக் கேட்டால் சாமி ஒரு காரணத்தோடு சொல்லும். இது காரணமே இருக்கக் கூடாது என்பதற்காகக் குலுக்குவது. அன்றைக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. "சரி கண்ணு," என்றேன்.

4

காரவள்ளிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நான் கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் வீட்டில் ஒரு கெடா விருந்து நடந்தது. மலைமேல் பெரக்கரை நாட்டிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். எங்களுக்கு வழிவழியாக மிளகும் பலாப்பழமும் கொண்டுவந்து போட்டுவிட்டு, உப்பும் துணியும் எடுத்துப் போகிற குடும்பங்கள். விடியுமுன் எழுந்து செங்குத்துப் பாதையில் இறங்கி வந்தவர்கள். கீழ்நாட்டு உறவு முதல் பந்தியில் உட்கார்ந்தது. அவர்களை இரண்டாம் பந்திக்கு நிறுத்திவைத்தோம். முதல் பந்தியில் கறியை வாரி வாரிப் போட்டார்கள். இரண்டாம் பந்திக்குக் குழம்பு வந்தது, குழம்பு மட்டும்தான்.

அவர்கள் இலையை எதிர்ப்புறமாக மடித்துவிட்டு எழுந்தார்கள். சாவு வீட்டில் மடிப்பதுபோல. அந்த மிளகுக் காலம் முழுக்க எங்கள் வாசலைத் தாண்டித்தான் காளப்பநாயக்கன்பட்டிச் சந்தைக்குப் போனார்கள். ஒருத்தரும் தலையைத் திருப்பவில்லை. "பந்தி வஞ்சனை பண்ணின ஊடு" என்று எங்கள் வீட்டுக்குப் பெயர் ஏறியது. என் மாமனார் கடைசியில் ஓர் ஆட்டை ஓட்டிக்கொண்டு மலையேறிப் போய், அங்கேயே அறுத்துச் சமைத்து, கடைசி இலைவரை தன் கையால் பரிமாறிவிட்டு வந்தார். வந்து என் மாமியாரிடம் சொன்னது எனக்கும் கேட்டது. "இல்லேன்னா யாருக்கும் இல்லேன்னு சொல்லிப் போடோணும். கூப்பிட்டு உக்கார வெச்சுட்டு வெறும் இலையைப் போடறது, கூப்பிடாம இருக்கறதைவிடக் கேவலம்."

சிட்னியில், கோயில் பின்கூடத்தில், பதினைந்து பேர் ரப்பர் பட்டையை இழுத்துக்கொண்டிருக்க, கோயிலுக்கு வந்த மற்றப் பதினைந்து பேர் பக்கத்துச் சமையற்கட்டில் சனிக்கிழமை அன்னதானத்துக்குக் காய் அரிந்துகொண்டிருந்தார்கள். அழைத்தவள் நான்.

5

முதல் வாரம் பொறுத்தேன். இரண்டாம் வாரம், வகுப்பு முடிந்து சமையற்கட்டுக்குப் போனேன். ருக்மணி முட்டைக்கோஸை வெட்டிக்கொண்டிருந்தாள். முகம் கொடுத்துப் பேசவில்லை.

"ருக்கு, அந்த மேடையைப் பிடிச்சு நில்லு. குதிகாலைத் தூக்கு."

"என்ற கவர்ல ரெண்டுதானுங்க வந்துச்சு."

"கவரு கெடக்குது. தூக்கு."

தூக்கினாள். பக்கத்தில் மங்கையர்க்கரசி கத்தரிக்காயைக் கீழே வைத்தாள். யாழ்ப்பாணத்து அம்மா, மரியாதையான மனுஷி, "அதை" என்பதை "உதை" என்பாள்.

"பாவாயியக்கா, உதை எனக்கும் ஒருக்கா காட்டித் தாங்கோவன்."

ஒருத்திக்குக் காட்டிவிட்டு அடுத்தவளுக்கு இல்லை என்று சொல்ல நான் என்ன ஆராய்ச்சியா செய்கிறேன்? எல்லோருக்கும் காட்டினேன். ரப்பர் பட்டைக்குப் பழைய சேலையைக் கிழித்து முறுக்கிக் கொடுத்தேன். சேலை ரப்பர்போல இழுபடாது. அதனால் இன்னும் பலமாக இழுக்க வேண்டியிருந்தது. சாம்பார் கொதிக்கிற நேரம் எங்கள் வகுப்பு நேரம். பூங்கொடியின் வகுப்பில் அவள் "போதுங்க, மூச்சு வாங்குங்க" என்று நிறுத்துவாள். என் வகுப்பில் பருப்பு வெந்தால்தான் நிறுத்துவது.

பூங்கொடி தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தாள். வாராவாரம் இரண்டாம் குழுவில் ஒவ்வொருத்தரிடமும் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

"ஏதாச்சும் புதுசாச் செய்யறீங்களாங்க?"

"இல்லீங்க கண்ணு, எப்பவும் போலத்தான்."

அவர்கள் பொய் சொல்லவில்லை. மூன்றாம் வாரத்திலிருந்து எங்களுக்கு அதுதான் எப்பவும் போல.

6

பன்னிரண்டாம் வாரம் மறுபடியும் பரீட்சை. முதல் குழுவில் எல்லோரும் முன்னைவிடக் கூடுதலாக எழுந்தோம். பூங்கொடிக்கு முகம் மலர்ந்துவிட்டது. பிறகு இரண்டாம் குழு. மங்கையர்க்கரசி ஸ்ப்ரிங் வைத்ததுபோல எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். ருக்மணி கையைக் குறுக்கே கட்டினாள். முன்னால் சாய்ந்தாள். எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடியும் எழுந்தாள். நேரம் முடிந்த பிறகும் நிறுத்தவில்லை. "போதுங்க சித்தி, போதுங்க," என்று பூங்கொடிதான் பிடித்து உட்காரவைத்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் கம்ப்யூட்டர் முன்னால் வெகுநேரம் இருந்தாள். பிறகு சமையலறைக்கு வந்து அரிசியைக் களைந்தாள். களைந்துகொண்டே இருந்தாள். கண்ணீர் அரிசியில் விழுந்தது.

"என்ன சாமி?"

"ரெண்டு குழுவும் ஒண்ணாத்தானுங்க அத்தை இருக்குது. ஒரு வித்தியாசமும் இல்லை. பன்னண்டு வாரம் சொல்லிக் குடுத்தவங்களும் சும்மா இருந்தவங்களும் ஒண்ணு. என்ற பயிற்சிக்கு ஒரு பிரயோசனமும் இல்லீங்க."

அவள் அழுதால் எனக்குத் தாங்காது. ஆறுதல் சொல்ல வேண்டும் என்றுதான் சொன்னேன். சத்தியமாக, பெருமையாகத்தான் சொன்னேன்.

"பிரயோசனம் இல்லாமயா ருக்கு எந்திரிச்சா? நீ சொல்லிக் குடுத்ததை ஒண்ணு விடாம நானே எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தேன் கண்ணு!"

அவள் கை நின்றது. குழாயிலிருந்து தண்ணீர் பாத்திரம் வழிந்து போய்க்கொண்டிருந்தது.

"எல்லாருக்குமுங்களா?"

"ஒருத்தரை விட்டுட்டு ஒருத்தருக்கு எப்படிங் கண்ணு குடுக்கறது?"

அவள் குழாயை மூடினாள். சிரிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது, சிரிப்பு இல்லை. அடுத்த இரண்டு நாளும் "சாப்பிடறீங்களா?" "தூங்கறீங்களா?" இரண்டே கேள்விதான் எங்களுக்குள்.

7

மூன்றாம் நாள் செந்தில் ஒரு வழி சொன்னான். லாரிப் பட்டறையில் நெளிசலைத் தட்டிப் பெயிண்ட் அடிக்கிற பழக்கம்.

"எங்கம்மா பண்ணினது கோயில் சமையல்கட்டுக்குள்ள நடந்தது. அதை எதுக்குப் புள்ள எழுதறே? ரெண்டாவது குழு நெம்பரைக் கொஞ்சம் எறக்கிப் போடு. உன்ற வாத்தியாருக்குத் தெரியவா போவுது?"

"எனக்குத் தெரியுமுங்களே," என்றாள்.

எனக்கு அப்போதுதான் கணக்குப் புரிந்தது. ஒரு பக்கம் ஆஸ்பத்திரி வேலை, ஒரு பக்கம் பிஸ்கட் ஃபேக்டரி, நடுவில் நான் முறுக்கிக் கொடுத்த சேலை.

அவள் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தாள். வாத்தியார் என்னைப் பார்க்க வேண்டும் என்றார். யாருக்காவது அடிபட்டிருந்தால் பல்கலைக்கழகம் பதில் சொல்ல வேண்டுமாம். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போனேன். உயரமான வெள்ளைக்காரர், பேச்சில் தன்மை. பூங்கொடி நடுவில் உட்கார்ந்து அங்கேயும் இங்கேயும் மாற்றிச் சொன்னாள். நான் நாலு வார்த்தை சொன்னால் அவள் ஒரு வார்த்தை சொன்னாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு நாலு வார்த்தை வந்தது.

"இரண்டாம் குழுவுக்குச் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்பது உங்களுக்குப் புரியவில்லையா?"

"புரிஞ்சுதுங்க."

"சரி என்று சொன்னீர்களாமே?"

"சரின்னு சொன்னது புரிஞ்சுதுங்கறதுக்குங்க. செய்யறேங்கறதுக்கு இல்லீங்க."

அதை மாற்றிச் சொல்ல மருமகளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பந்தி வஞ்சனையை நானே சொன்னேன், இரண்டு கையாலும் இலை போட்டுக் காட்டி. அவர் குறித்துக்கொண்டார். பிறகு சொன்ன தீர்ப்பு: இதை வைத்துப் பயிற்சி பலித்தது என்றும் சொல்ல முடியாது, பலிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. முப்பது பேரையும் மறுபடி பார்த்துப் பேசி, யார் எப்போது தொடங்கினார்கள், எப்படிப் பரவியது, ஆராய்ச்சி எங்கே ஒழுகியது என்று திருப்பி எழுத வேண்டும். அதற்கு ஆறு மாதத் தவணை. அந்த ஆறு மாதமும் பிஸ்கட் ஃபேக்டரிதான். வாழ்க்கையில் எதையும் பங்கு போட்டுப் பழகியவள் நான். அந்த ஆறு மாதத்தில் ஒரு நாளைக்கூட அவளிடமிருந்து வாங்கிக்கொள்ள முடியவில்லை. காலையில் அவள் கிளம்புமுன் எழுந்து சோறு கட்டிக் கொடுத்தேன். ஊரில் இருந்தவரை மருமகளுக்குச் சோறு கட்டிய மாமியாரை நான் பார்த்ததில்லை.

எழுதி முடித்ததும் எனக்குத் தமிழில் படித்துச் சொன்னாள். "பங்கேற்ற ஒருவர் பயிற்சியைப் பரப்பினார்" என்று வந்தது.

"ஒருவரா? பேரைப் போடு கண்ணு. பாவாயி, காரவள்ளின்னு."

"பேரு போடக் கூடாதுங்க அத்தை. சட்டம்."

"நல்லது பண்ணினாக்கூடப் பேரு போட மாட்டாங்களா?"

"இது நல்லதுங்கற தலைப்புல இல்லீங்க," என்றாள். "குறைபாடுகள்ங்கற தலைப்புல இருக்குது."

பாஸ் பண்ணிவிட்டாள். பெரிய மார்க் இல்லை, ஆனால் ஆஸ்பத்திரி கேட்டது பட்டம்தான், மார்க் இல்லை. வாத்தியார் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தாராம்: இனிமேல் ஆராய்ச்சி செய்பவரின் மாமியாரைச் சேர்க்க வேண்டாம். ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிற காகிதத்தில் நான் கையெழுத்துப் போடாததற்கு அதுவும் ஒரு காரணம். அந்தப் பிள்ளையின் மாமியார் நான் இல்லைதான். ஆனாலும் அதில் வெறும் இலைப் பந்தி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

8

பட்டம் கொடுக்கிற நாளுக்கு ஒரு வீட்டுக்கு இத்தனை டிக்கெட் என்று கணக்கு வைத்திருந்தார்கள். பூங்கொடி தன்னோடு படித்த, வெளிநாட்டில் குடும்பமுள்ள பிள்ளைகளிடமெல்லாம் கேட்டு நாலைந்து கூடுதலாகச் சேர்த்தாள். யாருக்கு என்று நான் கேட்டேன்.

"ரெண்டாங் குழுவுல வர முடிஞ்சவங்களுக்குங்க," என்றாள். "அவங்க போன தடவை காத்திருந்தாங்களே. இந்தத் தடவை முதல் பந்தி அவங்களுக்குத்தான்."

"நான் ஒண்ணாங் குழுவாச்சே?"

"நீங்க மாமியார். உங்களை விட்டுட்டுப் போனா எங்க பேரு கெட்டுப் போயிருமுங்க."

கோட்டைபோல ஒரு மண்டபம். ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். செந்தில், நான், ருக்மணி, மங்கையர்க்கரசி, இன்னும் மூன்று பேர். மெத்தை வைத்த நாற்காலி, உட்கார்ந்தால் உள்ளே இழுத்துக்கொள்கிறது. ருக்மணி அதைக் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "இது நம்ம பரீட்சை நாற்காலியைவிடத் தாழ்வுக்கா," என்று என் காதில் சொன்னாள். அவளுடைய மருமகள் இரண்டு வரிசை பின்னால் டிக்கெட் இல்லாமல் நின்றுகொண்டிருந்தாள். வேண்டியிருந்தால் கை கொடுக்க என்று எப்படியோ உள்ளே வந்துவிட்டாள்.

வாத்தியார்கள் எல்லாம் கறுப்பு அங்கி போட்டுச் சாமி ஊர்வலம்போல உள்ளே வந்தார்கள். மேடையிலிருந்து ஒருத்தர் ஏதோ சொன்னார். "எல்லாரையும் எந்திரிக்கச் சொல்றாங்கம்மா," என்றான் செந்தில்.

பின்னால் நின்ற மருமகள் நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து கையை நீட்டிக்கொண்டு வந்தாள். ருக்மணி அதைப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டினாள். முன்னால் சாய்ந்தாள். எழுந்துவிட்டாள். அவள் கை கட்டியதைப் பார்த்து மங்கையர்க்கரசி கை கட்டினாள், மற்ற மூன்று பேரும் கட்டினார்கள், நானும் கட்டிக்கொண்டேன். ஆயிரம் பேர் கையைத் தொங்கவிட்டு நின்ற மண்டபத்தில் எங்கள் வரிசை மட்டும் அப்படி நின்றது. நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அந்த மருமகள் தன் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். கறுப்பு அங்கியில் எங்களைத் தாண்டிப் போன பூங்கொடி திரும்பிப் பார்த்தாள். தொப்பியைப் பிடிக்கிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

பிறகு உட்காரச் சொன்னார்கள். எல்லோரும் உட்கார்ந்தோம். மறுபடியும் எப்போது எழுந்திருக்கச் சொல்வார்கள் என்று, ருக்மணி கட்டிய கையை அவிழ்க்காமலே மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.